பியோத்தர் கபிட்சா: தாழ்வெப்ப இயற்பியலாளர் ஒருவரின் வாழ்க்கையைப் பேசுவோம்

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

தாழ்வெப்ப இயற்பியல் என்று பேச்செடுத்தால் கமர்லிங் ஓன்னஸ் பெயர்தான் முதலில் வரும். 1908-இல் நெதர்லாந்தின் லைடனில் ஹீலியத்தைத் திரவமாக்கியவர், 1911-இல் பாதரசத்தில் மீக்கடத்தலை, அதாவது மின்தடையே இல்லாமல் மின்சாரம் பாய்வதைக் கண்டவர். அவருக்கு அடுத்த தலைமுறையில் வந்த கபிட்சாவைப் பற்றிப் பேசத்தான் இந்த இழை. மீப்பாய்மையை (திரவ ஹீலியம் உராய்வே இல்லாமல் பாய்வதை) கண்டுபிடித்தார், 1978-இல் நோபல் வாங்கினார் என்று இரண்டு வரியில் அவரை முடித்துவிடுகிறார்கள். அந்த இரண்டு வரிக்கும் நடுவில் 40 வருடம் இருக்கிறது. அதைத்தான் பேச வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

1894-இல், பீட்டர்ஸ்பர்க்கை ஒட்டிய கிரோன்ஷ்டாட் தீவில் பிறந்தார். அப்பா ராணுவப் பொறியாளர். 1919-20 குளிர்காலத்தில் ஊரெங்கும் நோய். அப்பா, மனைவி, சின்னப் பையன், பிறந்த கையோடு ஒரு பெண் குழந்தை என நாலு பேரையும் சில வாரங்களுக்குள் வாரிக்கொடுத்தார். அப்போது அவருக்கு 25 வயது. அந்த மனுஷனை வேலைக்குள் இழுத்துப் பிடித்து நிறுத்தியவர் ஆசிரியர் யோஃபே. 1921-இல் ஆய்வுக் கருவிகள் வாங்க வெளிநாடு போன குழுவில் அவரையும் சேர்த்துக்கொண்டார். அப்படித்தான் கேம்பிரிட்ஜில் ரூதர்ஃபோர்டின் கேவண்டிஷ் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தார்.

ரூதர்ஃபோர்டு இடமில்லை என்றாராம். "உங்கள் சோதனைகளில் எத்தனை சதவீதப் பிழையை ஏற்றுக்கொள்வீர்கள்?" என்று கபிட்சா கேட்டிருக்கிறார். இரண்டு மூன்று சதவீதம் என்று பதில் வந்ததும், "30 பேர் இருக்கும் இடத்தில் ஒருவன் கூடினால் அந்தப் பிழைக்குள் அடங்கிவிடும்" என்றாராம். சேர்த்துக்கொண்டார்கள். 13 வருடம் அங்கே இருந்தார். ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார், அவருக்கென்றே மாண்ட் ஆய்வகம் கட்டி 1933 பிப்ரவரியில் திறந்தார்கள். அதன் செங்கல் சுவரில் எரிக் கில் செதுக்கிய முதலை இன்றும் இருக்கிறது. ரூதர்ஃபோர்டுக்கு கபிட்சா வைத்த பட்டப்பெயர் முதலை.

1934 கோடையில் வழக்கம்போல சோவியத் ரஷ்யாவுக்கு, சொந்த ஊருக்குப் போனார். கேம்பிரிட்ஜுக்குத் திரும்பிப் போக அனுமதி கிடையாது என்று செப்டம்பரில் சோவியத் ஆட்சியாளர்கள் சொல்லிவிட்டார்கள். இரண்டாவது மனைவி அனா மட்டும் கேம்பிரிட்ஜில் விட்டுவந்த இரண்டு பையன்களிடம் திரும்பினார். புது ஆய்வகம், புதுக் கருவிகள், செய்துகொண்டிருந்த வேலை எல்லாம் அங்கே; இவர் மட்டும் ரஷ்யாவில்.

என்னைக் கேட்டால் இதற்குப் பிறகு அவர் எழுதிய கடிதங்கள் அவருடைய எந்தக் கண்டுபிடிப்புக்கும் குறைந்தவை அல்ல. அதற்கு வருகிறேன். அதற்கு முன் கேம்பிரிட்ஜ் காலத்து வேலையைப் பற்றி, ஹீலியத்தோடு பழகியவர்கள் யாராவது எழுதினால் நன்றாயிருக்கும்.

---

குளிர்கலன்

கூப்பிட்ட குரலுக்கு வந்துவிட்டேன். ஆய்வகத்தில் திரவ ஹீலியம் கையாளும் பிரிவிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான்.

கபிட்சா கேம்பிரிட்ஜில் முதலில் செய்தது குளிர் வேலை அல்ல, காந்தப்புலம். மிக வலுவான புலம் வேண்டுமென்றால் சுருளில் பெரிய மின்னோட்டம் பாய வேண்டும். பாய்ந்தால் சுருள் உருகிவிடும். உருகுவதற்குள் அளந்து முடித்துவிட்டால் என்ன என்பதுதான் அவர் யோசனை. பெரிய ஜெனரேட்டர் ஒன்றைச் சுழலவிட்டு, சுருளுக்குள் ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம் மட்டும் மின்னோட்டத்தைப் பாய்ச்சினார். 30 டெஸ்லாவைத் தாண்டினார். அந்தக் காலத்தில் அது யாரும் நெருங்காத அளவு.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று உண்டு. அவ்வளவு மின்னோட்டம் போகும்போது ஜெனரேட்டர் சடாரென்று பிரேக் பிடித்த மாதிரி நிற்கும். கட்டிடத் தரையே அதிரும். அதிர்ந்தால் அளவீடு கெடும். அதனால் சுருளை ஜெனரேட்டரிலிருந்து 20 மீட்டர் தள்ளி வைத்தார். தரை வழியாக அதிர்வு வந்து சேர்வதற்குள் அளவீடு முடிந்திருக்கும்! தரையை உறுதியாக்கப் பணம் செலவழிக்காமல் தூரத்தை வைத்தே தீர்த்துவிட்டார். பொறியாளர் மூளை இது.

இந்தப் புலத்தில் உலோகங்களைக் குளிர்ந்த நிலையில் அளக்க வேண்டும் என்றுதான் ஹீலியத்துக்கு வந்தார். ஓன்னஸ் வழியில் ஹீலியத்தைத் திரவமாக்க முதலில் திரவ ஹைட்ரஜனால் குளிர்விக்க வேண்டும். ஹைட்ரஜன் கசிந்தால் வெடிக்கும். கபிட்சா 1934-இல் செய்த இயந்திரத்தில் திரவ நைட்ரஜனே போதும். மீதிக் குளிர்ச்சி ஹீலியம் வாயு ஒரு பிஸ்டனைத் தள்ளி வேலை செய்வதில் வந்துவிடும். ஆனால் அந்த வெப்பநிலையில் எந்த எண்ணெயும் கல்லாகிவிடுமே, பிஸ்டனுக்கு எண்ணெய் எப்படி விடுவது? எண்ணெயே வேண்டாம் என்றார். பிஸ்டனுக்கும் உருளைக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விட்டு, அதில் கசியும் ஹீலியத்தையே மசகாக்கினார். மணிக்கு 2 லிட்டர் அளவுக்குக் கொடுத்தது. பிறகு அமெரிக்காவில் காலின்ஸ் இந்த வழியில் போய்த்தான், 1940-களின் பின்பாதியில், எந்த ஆய்வகமும் விலைக்கு வாங்கக்கூடிய இயந்திரத்தைக் கொண்டுவந்தார். நான் வேலை பார்த்த இடத்தில் ஓடியதும் அந்தக் குடும்பத்து இயந்திரம்தான். ஓடும்போது அந்த பிஸ்டன்களின் தட்-தட் சத்தம் தாழ்வாரம் முழுக்கக் கேட்கும். சத்தத்தின் தாளம் மாறினால் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவோம்.

கலனில் எவ்வளவு ஹீலியம் இருக்கிறது என்று பார்க்க எங்களிடம் இருந்தது ஒரு மெல்லிய நீளக் குழாய், அதன் மேல்முனையில் இழுத்துக் கட்டிய ரப்பர் தோல், அவ்வளவுதான். விரலை ரப்பர்மேல் லேசாக வைத்துக்கொண்டு குழாயைக் கீழே இறக்க வேண்டும். ரப்பர் படபடவென்று துடிக்கும். குழாயின் நுனி திரவத்தைத் தொட்டதும் துடிப்பு சட்டென்று மாறும். அந்த இடத்தில் குழாயைப் பிடித்து அளவெடுக்க வேண்டும். மீட்டர் வந்த பிறகும் நான் விரலைத்தான் நம்பினேன்.

---

இளங்கோ எம்எஸ்சி

குளிர்கலன் சார், அருமை. ஒரு சந்தேகம். மீப்பாய்மையை ஆலன், மிசெனர் என்ற இருவரும் கண்டுபிடித்தார்கள் என்று எங்கள் வகுப்பில் சொன்னார்கள். கபிட்சாவுக்கு மட்டும் நோபல் கொடுத்தது சரியா? அப்புறம் பாகுநிலையே (திரவம் பாய்வதைத் தடுக்கும் உள் உராய்வு) இல்லை என்று எப்படி அளந்தார்கள்?

---

செம்பருத்தி

தம்பி இளங்கோ, நல்ல கேள்வி. நான் கல்லூரியில் இந்தப் பாடம் நடத்துகிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

திரவ ஹீலியம் 4.2 கெல்வினில் கொதிக்கும். மேலே உள்ள ஆவியைப் பம்பு வைத்து உறிஞ்சினால் வெப்பநிலை இறங்கும். 2.17 கெல்வினில் அதன் இயல்பே மாறுகிறது. அதற்கு மேலே இருப்பது ஹீலியம் ஒன்று, கீழே இருப்பது ஹீலியம் இரண்டு. இந்தப் பிரிவை லைடனில் கீசோம் முதலியோர் 1920-களின் கடைசியிலேயே சொல்லிவிட்டார்கள். ஹீலியம் இரண்டு வெப்பத்தை அபாரமாகக் கடத்துகிறது என்றும் கண்டார்கள். அது ஏன் என்பது மட்டும் பிடிபடவில்லை.

கபிட்சா எடுத்துக்கொண்டது இரண்டு கண்ணாடித் தட்டுகள். லென்ஸ் மாதிரி மழமழவென்று மெருகேற்றியவை. ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் நடுவில் அரை மைக்ரான் சந்து. அதன் வழியாக மட்டுமே ஒரு குழாயிலிருந்த ஹீலியம் வெளித் தொட்டிக்குப் போக முடியும். 2.17-க்கு மேலே குழாயின் மட்டம் இறங்குவதைக் கவனிக்கப் பல நிமிடம் காத்திருக்க வேண்டும். 2.17-க்குக் கீழே வந்ததும் சில நொடிகளில் இரண்டு மட்டமும் சமம். பாகுநிலை குறைந்தது 1500 மடங்காவது இறங்கியிருக்க வேண்டும் என்று கணக்கிட்டார். அந்தக் கணக்கில் வந்த பாகுநிலை உச்ச வரம்புதான்; உண்மையில் இன்னும் குறைவாக இருக்கலாம் என்றும் சொன்னார்.

முன்னுரிமைக்கு வருவோம். கபிட்சாவின் கட்டுரை 'நேச்சர்' இதழுக்குப் போய்ச் சேர்ந்தது 1937 டிசம்பர் 3. ஆலன், மிசெனர் கட்டுரை டிசம்பர் 22. இரண்டும் 1938 ஜனவரி 8 இதழில் அடுத்தடுத்த பக்கங்களில் வந்தன. ஆலனும் மிசெனரும் மிக மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் அளந்தார்கள்; அவர்களுடைய வேலை யாரையும் பார்த்துச் செய்ததல்ல. சில வாரங்களில் ஹீலியம் தானாக ஊற்றுப்போலப் பீறிடுவதையும் ஆலன் கண்டார். இன்னொன்று: கனடாக்காரர்களான அவர்கள் இருவரும் வேலை செய்த இடம் கேம்பிரிட்ஜ் மாண்ட் ஆய்வகம். கபிட்சாவுக்காகக் கட்டி, அவர் திரும்பி வர முடியாமல் போன அதே கட்டிடம்.

1978-இல் ஆலன், மிசெனர் இருவருமே உயிரோடு இருந்தார்கள். பரிசின் பாதி கபிட்சாவுக்கு. மறுபாதி அண்டவெளிப் பின்னணிக் கதிர்வீச்சைக் கண்ட பென்சியாஸ், வில்சன் இருவருக்கும். என் தீர்ப்பு: கபிட்சாவுக்குக் கொடுத்தது சரி, ஆலனை விட்டது தவறு. வகுப்பிலும் இதைத்தான் சொல்கிறேன், மூன்று பெயரையும் சேர்த்தே எழுதச் சொல்கிறேன்.

---

குளிர்கலன்

செம்பருத்தி மேடம் சொன்ன 2.17-ஐக் கண்ணால் பார்க்கலாம் இளங்கோ. கண்ணாடிக் கலனில் பம்பு ஓடும்போது ஹீலியம் கொதகொதவென்று கொதித்துக்கொண்டே இருக்கும். அந்தப் புள்ளியைத் தொட்டதும் ஒரு குமிழிகூட இருக்காது. கொதிப்பு நின்றுவிடும், திரவம் கண்ணாடிபோலத் தெளிந்து நிற்கும். பம்பு ஓடிக்கொண்டேதான் இருக்கும், ஆவியும் போய்க்கொண்டேதான் இருக்கும். உள்ளே வெப்பம் ஓரிடத்தில் தங்காமல் பாய்வதால் குமிழி உருவாக வழியில்லை. எத்தனை வருடம் பார்த்தாலும் அந்த நொடிக்காக எல்லோரும் கலனைச் சுற்றிக் கூடிவிடுவோம். வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள்.

---

தறிநாடா

இயற்பியல் எனக்குத் தூரம். வரலாற்றுப் பக்கம் நின்று ஒரு ஆட்சேபம்.

வைகை அண்ணன் கபிட்சாவைச் சிறைப்பட்டவர்போல எழுதுகிறார். பிடித்து வைத்தவர்கள் அவருக்கு மாஸ்கோவில் ஒரு முழு ஆய்வு நிறுவனத்தையே கட்டிக்கொடுத்தார்கள். கேம்பிரிட்ஜ் கருவிகளை 30,000 பவுண்டு கொடுத்து வாங்கிக் கப்பலில் கொண்டுவந்தார்கள். விருது, பட்டம், வீடு எல்லாம் வந்தது. அதே வருடங்களில் அதே நாட்டில் விஞ்ஞானிகளைச் சுட்டுக் கொன்றார்கள். உக்ரைனின் கார்கிவ் நகரில் ஷூப்னிகோவ் என்று ஒருவர், அவரும் தாழ்வெப்ப இயற்பியலாளர்தான். 1937 ஆகஸ்டில் கைது, நவம்பரில் சுட்டுவிட்டார்கள். அந்த ஆட்சி கொடுத்த ஆய்வகத்தில் உட்கார்ந்து வேலை செய்தவரை வீரராகக் காட்டுவதற்கு முன் ஷூப்னிகோவை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

---

வைகைக்கரை

தறிநாடா, ஷூப்னிகோவ் பெயரை நீங்கள் கொண்டுவந்ததற்கு உண்மையாகவே நன்றி. ஆனால் மற்றதைச் சொல்லவிடுங்கள்.

முதலில் அந்தக் கருவிகள். 1934 டிசம்பரில் நிறுவனம் அறிவிக்கப்பட்டாலும் ஏறக்குறைய இரண்டு வருடம் கபிட்சா சோதனை எதுவும் செய்ய முடியாமல் கிடந்தார். அனாவுக்கு எழுதிய கடிதங்களில் மனம் உடைந்திருந்தது தெரிகிறது. இயற்பியலையே விட்டுவிட்டு உடலியல் அறிஞர் பாவ்லோவிடம் போய்த் தசைகளைப் படிக்கலாமா என்றுகூட யோசித்திருக்கிறார். கருவிகளை விற்கச் சம்மதித்தது ரூதர்ஃபோர்டு. எண்ணிப் பார்த்துக் கட்டி அனுப்பியது கேவண்டிஷ் சகா காக்கிராஃப்ட். இவன் எங்கே இருந்தாலும் வேலை செய்ய வேண்டும் என்று ஆசான் நினைத்ததால் நடந்தது அது. 1937 அக்டோபரில் ரூதர்ஃபோர்டு போய்விட்டார். மீப்பாய்மைக் கட்டுரை டிசம்பரில். அதைப் பார்க்க அவர் இல்லை.

இனி கடிதங்கள். 1937 பிப்ரவரியில் கோட்பாட்டு இயற்பியலாளர் ஃபோக் கைதானார். கபிட்சா ஸ்டாலினுக்கு எழுதினார், சில நாளில் ஃபோக் வெளியே வந்தார். 1938 ஏப்ரல் 28-இல் கபிட்சாவின் நிறுவனத்தில் இருந்த கோட்பாட்டு இயற்பியலாளர் லாண்டவ் கைது. ஸ்டாலினைக் கண்டிக்கும் துண்டறிக்கையில் அவருக்குப் பங்கு உண்டு என்பது குற்றச்சாட்டு. அந்தக் காலத்தில் இதற்கு என்ன தண்டனை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கைதான அன்றே கபிட்சா ஸ்டாலினுக்குக் கடிதம் எழுதுகிறார். லாண்டவ் வாய்த்துடுக்குக்காரர், சண்டைக்காரர், எல்லாம் உண்மை. ஆனால் இந்த வயதில் நாட்டிலேயே இப்படி ஒரு கோட்பாட்டாளர் கிடையாது, வழக்கைக் கவனமாகப் பாருங்கள் என்று. பதில் இல்லை. ஒரு வருடம் போகிறது. 1939 ஏப்ரலில் பிரதமர் மொலட்டோவுக்கு எழுதுகிறார்: திரவ ஹீலியத்தில் நான் கண்டதற்கு விளக்கம் தர லாண்டவ் வேண்டும். கடைசியில் ரகசியக் காவலின் தலைவர் பெரியாவுக்குத் தன் சொந்தப் பொறுப்பில் எழுதிக் கொடுக்கிறார், என் நிறுவனத்தில் இருக்கும்வரை இவர் ஆட்சிக்கு எதிராக எதுவும் செய்யமாட்டார் என்று. அப்படி எழுதிக் கொடுப்பது என்றால் தன் தலையையும் சேர்த்து அடகு வைப்பது. லாண்டவ் வெளியே வந்தார். இன்னும் ஆறு மாதம் உள்ளே இருந்திருந்தால் பிழைத்திருக்கமாட்டேன் என்று அவரே பின்னாளில் சொன்னார். 1941-இல் மீப்பாய்மைக்குக் கோட்பாடு கொடுத்தார். 1962-இல் அதற்குத்தான் அவருக்கு நோபல்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஷூப்னிகோவுக்கு ஏன் நடக்கவில்லை? கைதுக்கும் சுட்டதற்கும் நடுவே மூன்று மாதம்தான். லாண்டவும் கார்கிவில்தான் இருந்தார், 1937-இல் மாஸ்கோவுக்கு கபிட்சாவிடம் வந்துசேர்ந்திருந்தார். இடம் மாறியதும், ஒரு வருட அவகாசமும், விடாமல் எழுத ஒரு ஆளும் லாண்டவுக்குக் கிடைத்தன. இதை நியாயம் என்று நான் சொல்லவில்லை. கொடுமை அது. ஆனால் எழுதக்கூடிய இடத்தில் இருந்த ஒருவர் எழுதினார் என்பதை நாம் குறைத்துப் பேசக்கூடாது. அந்த இடத்தில் இருந்த எத்தனையோ பேர் எழுதவில்லை.

---

தறிநாடா

லாண்டவ் விஷயத்தை மறுக்கவில்லை. ஆனால் விஞ்ஞானி என்ற காரணத்தால்தானே காப்பாற்ற முடிந்தது? நாட்டுக்கு உபயோகமானவர், விடுங்கள் என்றுதானே எல்லாக் கடிதமும் பேசுகிறது? உபயோகமில்லாதவனுக்கு யார் எழுதுவது? இதுதான் என் உறுத்தல்.

---

வைகைக்கரை

அந்த உறுத்தல் நியாயமானது. ஸ்டாலினிடம் எடுபடும் வாதம் அது ஒன்றுதான் என்று கபிட்சாவுக்குத் தெரிந்திருந்தது. மனித உரிமை என்று எழுதியிருந்தால் லாண்டவின் கோப்பில் கபிட்சாவின் பெயரும் ஏறியிருக்கும்.

ஆனால் 1945-ஐப் பாருங்கள். போர் முடிந்ததும் அணுகுண்டுக் குழுவில் பெரியாவின் கீழ் அவரைப் போட்டார்கள். அதைவிட உபயோகமான இடம் அன்றைக்கு எது? அக்டோபரிலும் நவம்பரிலும் ஸ்டாலினுக்கு எழுதினார்: பெரியா கையில் கோலை ஆட்டுகிறார், ஆனால் முன்னால் இருக்கும் இசைக்குறிப்பை வாசிக்கத் தெரியாத நடத்துநர் அவர், விஞ்ஞானிகளை மதிக்கத் தெரியவில்லை, என்னை விடுவியுங்கள். அதோடு, இந்தக் கடிதத்தைப் பெரியாவே படிக்கட்டும் என்றும் சேர்த்து எழுதினார். ரகசியக் காவலின் தலைவனைப் பற்றி! குழுவிலிருந்து விடுவித்தார்கள். 1946 ஏப்ரலில் ஸ்டாலினிடமிருந்து, உங்கள் கடிதங்களெல்லாம் கிடைத்தன, அவற்றில் தெரிந்துகொள்ள நிறைய இருக்கிறது என்று பதில். ஆகஸ்டில் எல்லாப் பதவியும் பறிபோனது. தான் கட்டிய நிறுவனத்திலிருந்தே வெளியே அனுப்பினார்கள்.

---

குளிர்கலன்

பறித்த பதவிகளில் ஆக்சிஜன் துறைத் தலைமையும் உண்டு. அதை இங்கே யாரும் சொல்லவில்லை. காற்றைத் திரவமாக்கி ஆக்சிஜனைப் பிரிக்கும் ஆலைகள் அதுவரை உயர் அழுத்தத்தில் ஓடின. கபிட்சா சின்ன விசைச்சுழலி (டர்பைன்) ஒன்றை வடிவமைத்து, ஆறேழு வளிமண்டல அழுத்தத்திலேயே வேலையை முடித்தார். போர்க்காலத்தில் உருக்காலைகளுக்கு ஆக்சிஜன் தேவை எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். இன்று பெரிய ஆக்சிஜன் ஆலைகள் இந்தக் குறைந்த அழுத்த வழியில்தான் ஓடுகின்றன. மருத்துவமனைத் தொட்டிக்கு டேங்கரில் வரும் திரவ ஆக்சிஜனுக்குப் பின்னாலும் இந்த மனுஷர் இருக்கிறார். 1946-இல் அவரை விலக்கியபோது முறையே தவறு என்று அறிக்கை கொடுத்தவர்கள் உண்டு. காலம் வேறு பதில் சொன்னது.

---

இளங்கோ எம்எஸ்சி

பதவி போன பிறகு என்ன செய்தார்? "கபிட்சா ஊசல்" என்று ஒரு கணக்கு எங்களுக்கு உண்டு. அது இவர்தானா? தலைகீழாக நிற்கும் ஊசல், அடியை வேகமாக மேலும் கீழும் அதிர்வித்தால் விழாமல் நிற்கும் என்பது.

---

செம்பருத்தி

இவரேதான். மாஸ்கோவுக்கு வெளியே நிக்கோலினா கோரா என்ற இடத்தில் அவருடைய கோடைக்கால வீடு இருந்தது. அங்கே கொட்டகையைச் சோதனைச்சாலை ஆக்கிக்கொண்டார். ஹீலியம் கிடையாது, குளிர்விக்கும் இயந்திரம் கிடையாது. கையில் இருப்பதை வைத்து என்ன செய்யலாம் என்று பார்த்தார். சுவரில் வழியும் மெல்லிய நீர்ப்படலத்தில் அலை எப்படி எழுகிறது என்று ஆராய்ந்தார். மகன் செர்கேய் கூடவே நின்று உதவினார். வேதிப் பொறியாளர்கள் இன்றும் மேற்கோள் காட்டும் வேலை அது. ஊசல் 1951-இல் வந்தது. பிறகு உயர் ஆற்றல் நுண்ணலைக் கருவிகள், அதிலிருந்து பிளாஸ்மா எனப்படும் மின்னேற்றம் பெற்ற வாயு. மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். ஸ்டாலினின் 70-ஆவது பிறந்தநாள் விழாவுக்குப் போகாததால் 1950 ஜனவரியில் அதுவும் போனது.

1953-இல் ஸ்டாலின் இறந்தார், பெரியா கைதாகி அந்த வருடக் கடைசியிலேயே சுடப்பட்டார். 1955-இல் கபிட்சா தன் நிறுவனத்துக்கே இயக்குநராகத் திரும்பினார். கேம்பிரிட்ஜை மறுபடி பார்த்தது 1966-இல். 32 வருடம்.

நோபல் உரையில் அவர் தாழ்வெப்ப இயற்பியலைப் பேசவே இல்லை. அந்தத் துறையை விட்டு 30 வருடம் ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டு, அப்போது செய்துகொண்டிருந்த பிளாஸ்மா, அணுக்கருப் பிணைவு பற்றிப் பேசினார். 84 வயது. எனக்கு இது மிகப் பிடிக்கும். பழைய பெருமையைப் பேச மேடை கிடைத்தும், இன்றைக்கு மேசைமேல் இருக்கும் வேலையைத்தான் பேசினார்.

தறிநாடா சாருக்கு ஒன்று. 1973-இல், ஆட்சியை எதிர்த்துப் பேசிய இயற்பியலாளர் சகாரவைக் கண்டித்து சோவியத் அறிவியல் அகாதெமி உறுப்பினர்கள் 40 பேர் கையெழுத்திட்டு அறிக்கை வெளியிட்டார்கள். கபிட்சாவிடமும் கேட்டார்கள், மறுத்துவிட்டார். 1980-இல் சகாரவுக்காகவும் சிறையிலிருந்த இயற்பியலாளர் ஓர்லோவுக்காகவும் கேஜிபி உளவு அமைப்பின் தலைவர் ஆந்திரப்போவுக்கு எழுதினார். அடுத்த வருடம் சகாரவ் உண்ணாவிரதம் இருந்தபோது சோவியத் தலைவர் பிரெஷ்னேவுக்குத் தந்தி அடித்தார். அப்போது சகாரவ் ஆட்சிக்கு உபயோகமான ஆள் இல்லையே.

---

தறிநாடா

அம்மா, 1980 கடிதம் எனக்குப் புதுச் செய்தி. முதல் பதிவில் நான் சொன்னதை அந்த அளவுக்குத் திருத்திக்கொள்கிறேன். ஷூப்னிகோவைப் பற்றிச் சொன்னதை விட்டுக்கொடுக்கமாட்டேன்.

---

குளிர்கலன்

விட்டுக்கொடுக்கவும் வேண்டாம். கலப்பு உலோக மீக்கடத்திகள் வலுவான காந்தப்புலத்தை எப்படித் தாங்குகின்றன என்று 1930-களின் நடுவில் அளந்து காட்டியவர் ஷூப்னிகோவும் அவர் கூட்டாளிகளும். எம்ஆர்ஐ ஸ்கேன் காந்தத்தின் சுருள் அந்த வகை மீக்கடத்திதான், அது நனைந்திருப்பது திரவ ஹீலியத்தில். 1950-களின் பின்பாதியில் அவர் குற்றமற்றவர் என்று அறிவித்தார்கள். அவருக்கு லைடன் நாட்களிலிருந்து தொடங்கித் தனி இழை போட வேண்டும். வைகை, நீங்கள் தொடங்குங்கள், காந்தப் பகுதியை நான் எழுதுகிறேன்.

---

வைகைக்கரை

தொடங்குகிறேன் சார். தறிநாடா, கார்கிவ் கைதுகளைப் பற்றி நீங்கள் எழுத வேண்டும். இளங்கோ, ஊசல் கணக்கை ஒரு பதிவாக இங்கேயே போடுங்கள், இந்த இழையில் இருக்கட்டும்.